பறவை யாருக்காகப் பாடுகிறது?
கோன்யாக் மது வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் பிரெஞ்சுப் பறவையியலாளர் ஜாக் தெலமென். முதல் உலகப் போர்க்களத்திலும் பறவைகளைப் பற்றிக் குறிப்பெழுதியவர். பறவைகள் ஏன் பாடுகின்றன என்பதையே 1928இல் தன் நூலுக்குத் தலைப்பாக்கினார்.

1952இல் அவரிடம் பாடம் கேட்க வந்தவர், அப்போதே புகழ்பெற்றிருந்த இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான். பறவையின் பாட்டு அதிவேகம், சுருதியோ உச்சம். அதைத் தன் இசையில் கொண்டுவரும்போது, வாத்தியங்கள் ஈடுகொடுக்க, மெசியான் வேகத்தைத் தணித்து, சுருதியை இறக்கி எழுதினார்.

பறவைகள் ஏன் பாடுகின்றன என்ற கேள்விக்கு அறிவியலின் பதில் கறாரானது: பெட்டையைக் கவரவும் எல்லையைக் காக்கவும்தான் பாட்டு.

பாரிஸின் திரித்துவத் தேவாலயத்தில் 1931 முதல் ஆர்கன் வாசித்த மெசியான் அதை மறுக்கவில்லை. ஆனால் விடியலையும் அந்தியையும் வரவேற்கும் சில பாடல்கள் பயன் கருதாதவை என்று நம்பினார்.

சந்தேகவாதி விடுவாரா? விடியற்காலைப் பாட்டும் 'இது என் இடம்' என்ற அறிவிப்புதானே என்பார். மெசியான் சார்பில் ஒன்று கேட்கலாம்: சம்பளம் வாங்குவதால் ஆர்கன் கலைஞரின் வாசிப்பு வழிபாடு இல்லை என்றாகிவிடுமா? அப்படியே, பயனுள்ள பாட்டும் துதியாக இருக்கலாமே. ஆனால் கலைஞருக்குத் தான் துதிப்பது தெரியும்; பறவைக்குத் தெரியும் என்று நிறுவ வழியில்லை. வாதம் இடறுவது இங்கேதான்.

மெசியான் அசரவில்லை. 1983இல் பாரிஸில் அரங்கேறிய தன் ஓபெராவில், அசிசியின் புனித பிரான்சிஸ் பறவைகளுக்குப் போதிக்கும் காட்சிக்கு மட்டும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஒதுக்கினார்.