லாம்பரேனேயில் ஒரு பிராயச்சித்தம்

கடல் கடந்து சென்று, வைத்தியரையே கண்டறியாத கிராமங்களில் ஏழை மக்களின் நோய் தீர்க்கும் தொண்டர்களைக் கருணாமூர்த்திகள் என்று உலகம் போற்றுகிறது. அத்தொண்டையே தம் வாழ்நாட்பணியாகக் கொண்டிருந்தும், அது கருணையன்று, பட்ட கடனுக்குச் செய்யும் பிராயச்சித்தமே என்று துணிந்து கூறியவர் ஆல்பர்ட் சுவைட்சர்.

1875-இல் அல்சேஸ் பிரதேசத்தில் பிறந்து, இறையியலிலும் தத்துவத்திலும் பாண்டித்தியம் பெற்று, ஆர்கன் வாசிப்பிலும் பெரும்புகழ் எய்தியிருந்த அவர், முப்பதாம் வயதில் வைத்திய சாஸ்திரம் கற்கத் தொடங்கி, 1913-இல் தம் மனைவி ஹெலெனுடன் ஆப்பிரிக்காவின் ஒகோவே நதிக்கரையிலுள்ள லாம்பரேனேக்குச் சென்று, கோழிகள் அடைந்துகிடந்த ஒரு கொட்டகையைத் துப்புரவாக்கி அதிலேயே நோயாளிகளைப் பார்க்கலானார். அங்கே இடமளித்த பாரிஸ் மிஷன் சங்கத்தார் அவருடைய சமயக் கருத்துக்களை ஐயுற்றமையால், பிரசங்கம் செய்வதில்லை என்று அவர் வாக்களிக்க வேண்டியிருந்தது. அந்த மௌனம் அவர் பணிக்கு வாய்த்த பாக்கியமென்றே நான் கருதுகிறேன்.

விவிலியத்திலே, செல்வன் ஒருவனுடைய வாசலில் உடலெல்லாம் புண்ணாகக் கிடந்த லாசருவின் கதை வருகிறதன்றோ? அச்செல்வன் ஐரோப்பா, அந்த லாசரு ஆப்பிரிக்கா என்று சுவைட்சரின் மனச்சான்று கூறிற்று. அடிமை வியாபாரத்தாலும், சாராயத்தாலும், தாம் கொண்டுவந்து பரப்பிய நோய்களாலும் ஒரு ஜனசமூகத்தையே நலிவித்தவர்கள், அந்த மக்களுக்கு மருந்து கொடுப்பதை உபகாரமென்று எவ்வாறு சொல்லிக்கொள்வது?

அவ்வாறாயின், கடன்பட்டவன் கடன்கொடுத்தவனைவிட உயர்ந்த ஆசனத்தில் அமரலாகுமா? இவ்விடத்திலேதான் அம்மகான் தம் தத்துவத்தினின்றும் வழுவினார் என்பது என் துணிபு. ஆப்பிரிக்கனைச் சகோதரனென்று தழுவிக்கொண்டவர், தம்மை அவனுக்கு மூத்த சகோதரனாகவே வைத்துக்கொண்டார். பல மொழிகளை அறிந்து, மொழிபெயர்ப்பாளராகவும் உதவியாளராகவும் அவர் அருகிலிருந்த ஜோசப்பைப் போன்றவர்கள் இருந்தும், அந்நாட்டவரையே வைத்தியராக்குவதைத் தம் நோக்கங்களுள் ஒன்றாக அவர் கொள்ளவில்லை. ஆயினும், 1965-இல் அந்த மண்ணிலேயே உயிர்நீத்து அங்கேயே அடக்கமான அவருடைய நிலைபேற்றை நினைக்கும்போது, என் கண்டனம் தணிந்துவிடுகிறது.

அந்நிலைபேறு வைத்தியத்திற்கு ஏன் வேண்டுமென்பதை எண்ணிப் பாருங்கள்: குடலிறக்கம் இறுகி வேதனையால் துடிக்கும் ஒருவனுக்குச் சத்திரசிகிச்சை செய்வது சிறிது நேரத்து வேலை; அதன்பின் அந்தப் புண் சீழ் பிடிக்காமல் காப்பதும், காய்ச்சல் கண்டால் இரவிலும் ஓடிவந்து பார்ப்பதுமே நெடுநாட் கடமை. இன்று விடுமுறையில் விமானமேறிச் சென்று, சில நாட்களில் பல சிகிச்சைகளை முடித்துத் திரும்பும் நல்லுள்ளம் படைத்த வைத்தியர்களிடம், அவர்தம் அன்பில் எள்ளளவும் ஐயங்கொள்ளாமலே, நான் கேட்க விழைவன இரண்டு: தாங்கள் புறப்பட்ட மறுநாள் அந்தப் புண்ணின் கட்டைப் பிரித்துப் பார்ப்பவர் யார்? அவருக்கு வேண்டிய பயிற்சியையும், மருந்தையும், மாதச் சம்பளத்தையும் தருவதற்கு என்ன ஏற்பாடு செய்துவிட்டு வந்தீர்கள்?