பக்கத்துக் கடை

விற்பவன் வாங்குபவனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் நூல்கள் நம்மிடம் உண்டு. விற்பவன் பக்கத்தில் விற்பவனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றி, நான் படித்த அளவில், அதிகம் கண்ணில் படவில்லை. 10 நாட்கள் ஒரு கைவினைப் பொருட்காட்சியில் உட்கார நேர்ந்திராவிட்டால் இப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தோன்றியிருக்காது.

2022 செப்டம்பரில், நவராத்திரிக்கு முந்தின வாரங்களில், எங்கள் ஊர் மைதானம் ஒன்றில் அந்தப் பொருட்காட்சி நடந்தது. நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கி அங்கே ஒரு மேஜை போட்டது. விற்க வந்தவர்களுக்குக் கணக்கு ஆரம்பித்துக் கொடுப்பது, க்யூ.ஆர். அட்டை ஒட்டித் தருவது, பணம் வந்ததா என்று சந்தேகப்படுகிறவர்களிடம் வந்துவிட்டது என்று உறுதி சொல்வது, இவ்வளவுதான் என் வேலை. மேஜைக்கு எதிரே இரண்டு ஸ்டால்கள். ஒன்றில் காளஹஸ்தியிலிருந்து வந்த ஒரு பெரியவர், கலம்காரித் துணிகளோடு. மற்றதில் ஈரோட்டுப் பக்கத்து இளைஞன் ஒருவன். அவனிடமும் கலம்காரித் துணிகள். அவனுடைய போர்டு அப்படித்தான் சொல்லிற்று.

வேலை குறைவாக இருந்ததால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கடையில் ஆள் நிற்கும்போது பக்கத்துக் கடைக்காரர் குரல் கொடுப்பதில்லை. அந்த ஆள் திரும்பி நடைபாதைக்கு வந்த பிறகே 'வாங்க' என்ற சொல் வருகிறது. பக்கத்துக் கடையின் விலையைக் கேட்டால் 'அவங்களையே கேளுங்க' என்பதுதான் பதில். இரண்டு ஸ்டால்களுக்கும் நடுவில் மூங்கில் ஒன்றே. ஆனால் யாருடைய துணியும் மூங்கிலைத் தாண்டித் தொங்குவதில்லை. ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் இரண்டு கடைக்கும் காவல். அந்த நேரத்தில் ஏதாவது விற்றால், சொல்லிவிட்டுப் போன விலைக்கே விற்று, பணத்தைத் தனியாக மடித்து வைத்திருந்து கொடுக்கிறார். கடைசி நாளுக்கு முன் யாரும் விலையைக் குறைப்பதில்லை. ஒருவர் 3 மணிக்குக் குறைத்தால் 4 மணிக்கு வரிசை முழுவதும் குறைத்தாக வேண்டும். வியாபாரம் ஆகாவிட்டாலும் நேரத்துக்கு முன்னால் மூட்டை கட்டுவதில்லை. ஒரு கடை இருண்டால் அடுத்த கடைக்கும் ஆள் வருவது நின்றுபோகிறது. இதில் எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. அமைப்பாளர்கள் கொடுத்திருந்த தாளில் வாடகை, மின்சாரம், தீயணைப்பு இவை பற்றித்தான் இருந்தது.

இந்த ஒழுங்குக்கு ஒரு லோகாயதமான காரணம் உடனே புலப்படும். இவர்கள் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். 1987 முதல் நடந்துவரும் சூரஜ்குண்ட் மேளாவிலும், 1994-ல் தொடங்கிய தில்லி ஹாட்டில் 15 நாள் முறை வைத்துக் கிடைக்கும் கடைகளிலும், நம்மூர் மைதானங்களிலும் மறுபடி மறுபடி அதே முகங்களைச் சந்திக்கிறவர்கள். இன்று பக்கத்துக் கடைக்காரனைப் பகைத்துக்கொண்டால் நாளை வேறு ஊரில் அவன் பக்கத்தில் உட்கார வேண்டிவரும். ஆகவே மரியாதை லாபகரமானது. லாபகரமான மரியாதை அறமாகுமா?

காண்ட் 1785-ல் வெளியிட்ட அறவியல் நூலில் ஒரு கடைக்காரன் வருகிறான். அவன் விவரம் தெரியாதவனிடம் அதிக விலை வாங்குவதில்லை. குழந்தை போய் வாங்கினாலும் அதே விலைதான். ஆனால் அவன் நேர்மையாக இருப்பது நேர்மைக்காகத்தான் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது என்கிறார் காண்ட். வாடிக்கை நிலைக்க வேண்டுமென்ற கணக்கும் அதே காரியத்தைச் செய்யவைக்கும். செயல் கடமைக்கு இசைந்திருக்கிறது. கடமையிலிருந்து பிறந்ததா என்பது வேறு கேள்வி. காண்ட் காட்டும் அந்தக் கடையில் கடைக்காரனும் வாங்க வருபவரும்தான் இருக்கிறார்கள். பக்கத்துக் கடை இல்லை.

வள்ளுவர் வணிகரைப் பற்றிய குறளை நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசியில் வைத்திருக்கிறார். பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேண வேண்டும் என்பது அதன் கருத்து. பரிமேலழகர் இதை அளவு, விலை பற்றியதாகக் கொள்கிறார்: வாங்குவது மிகையாகவும் கொடுப்பது குறையாகவும் ஆகிவிடக்கூடாது. எனக்கு அந்தப் பொருட்காட்சியில், 'பிறர் பொருள்' என்பது பக்கத்துக் கடையில் விரித்து வைத்திருக்கும் பொருளாகவும் இருக்கலாமே என்று தோன்றியது. தன் சரக்கைப் போல அடுத்தவன் சரக்கையும் பேணுவது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்தவன் சரக்கு போலியாக இருந்தால் என்ன செய்வது என்ற யோசனை 6-ம் நாள்தான் வந்தது.

பெரியவரின் துணி கையால் வரைந்தது. கடுக்காயும் பாலும் கலந்த நீரில் துணியை நனைத்து, உலர்த்தி, இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு ஊறவைத்து எடுத்த கறுப்பு மையால் கோடு இழுத்து, படிகாரம் தடவி, சாயம் ஏற்றி, மறுபடி மறுபடி அலசி எடுக்கிற வேலை. கலம் என்பது ஒரு மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே சுற்றியிருக்கும் கம்பளி நூல் மையைப் பிடித்துக்கொள்ளும், விரலால் அழுத்தினால் இறங்கும். கிட்டத்தட்ட அழிந்துபோயிருந்த இந்தத் தொழில் 1950-களில் கமலாதேவி சட்டோபாத்யாயவின் முயற்சியால் காளஹஸ்தியில் மறுபடி உயிர் பெற்றது. துணியை முகர்ந்தால் லேசாகப் பால் புளித்த வாடை. ஒரே துணியில் இரண்டு மயில்கள் இருந்தால் இரண்டும் வேறு வேறு மயில்கள். அவர் சொன்ன விலை 2,800 ரூபாய்.

இளைஞனின் துணி ஸ்கிரீன் அச்சு. அதே மயில், அதே மரம். எத்தனை முறை வந்தாலும் ஒரு மயிலுக்கும் அடுத்த மயிலுக்கும் இம்மி வித்தியாசம் கிடையாது. 450 ரூபாய்.

வந்தவர்கள் பெரியவரிடம் கேட்டார்கள்: "பக்கத்துல 450-க்குத் தராங்களே?" அவர் ஒவ்வொரு முறையும் சொன்னது ஒன்றுதான்: "அது வேற, இது வேறம்மா. ரெண்டையும் தொட்டுப் பாருங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. தொட்டுப் பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் குறைவு. 6 நாட்களில் அவர் கணக்கில் வந்து சேர்ந்த பணம் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். இளைஞனுடையதும் தெரியும்.

6-ம் நாள் மாலை ஒரு பள்ளி ஆசிரியை இளைஞனிடம் மூன்று துணிகள் வாங்கிக்கொண்டு ஏதோ விசாரிக்க என் மேஜைக்கு வந்தார். "கையால வரைஞ்சதுன்னா எவ்வளவு வேலை பாருங்க, இந்த விலைக்குக் கொடுக்கறாங்க" என்றார். நான் சொல்லிவிட்டேன். அது அச்சு, வரைந்தது அடுத்த கடையில் இருக்கிறது என்று. அவர் திரும்பிப் போனார். சத்தம் வந்தது, கூட்டம் சேர்ந்தது. இளைஞன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். அன்று மாலை அவன் கடைப் பக்கம் அதிகம் பேர் போகவில்லை. அவர்கள் பெரியவர் கடைக்கும் போகவில்லை. இரண்டு கடைகளையும் ஒரே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னவனின் திருப்தி. விளக்கணைத்த பிறகு பெரியவர் என் மேஜைக்கு வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"எதுக்கு சார் சொன்னீங்க?"

"பொய்தானே ஐயா அது?"

"நாலாம் நாள் மழை வந்துச்சே, பாத்தீங்கதானே. என் துணி மேல தார்ப்பாய் இழுத்துப் போட்டது யாரு? அவன் துணி நனைஞ்சா வெளுக்காது. என்னுது நனைஞ்சா போச்சு. மொதல்ல என்னுதை மூடிட்டுத்தான் அவனுதைப் பாத்தான். நீங்க பத்து நாள்ல பேங்குக்குப் போயிடுவீங்க. நான் அடுத்த மாசம் இவன் பக்கத்துல உக்காரணும்."

"அதற்காக வாங்குகிறவர்கள் ஏமாறலாமா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் சொன்னா, என் சரக்கை விக்கறதுக்குச் சொல்றேன்னு ஆகும். அவன்தான் சொல்லணும்."

மறுநாள் இளைஞனிடம் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "கையால வரைஞ்சதான்னு யாரும் கேக்கலைங்க சார். கேட்டா சொல்லியிருப்பேன்."

இரண்டு பதில்களும் என்னை அலைக்கழித்தன. காண்ட் 1797-ல் எழுதிய கட்டுரையில், உன் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடிக் கொலைகாரன் வந்து கேட்டால்கூட நீ பொய் சொல்லக்கூடாது என்று பிடிவாதமாக நிற்கிறார். ஆனால் பொய் சொல்லாதிருப்பதும் உண்மையைச் சொல்வதும் ஒன்றாகிவிடாது. இளைஞன் வாயால் பொய் சொல்லவில்லை, அந்த வேலையை போர்டு செய்தது. பெரியவரும் பொய் சொல்லவில்லை, 'அது வேற, இது வேற' என்பது அப்பட்டமான உண்மை. நடுவில் அந்த ஆசிரியை மூன்று துணிகளோடு போய்க்கொண்டிருந்தார். அந்த வரிசையின் மரியாதை விற்பவர்கள் எல்லோரையும் காப்பாற்றுகிறது. அதன் செலவு வாங்குபவர் தலையில் விழுகிறது. இதைப் பெரியவரின் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிக் கண்ணீர் விட என்னால் முடியவில்லை.

ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது வேறு விஷயம். உண்மையைச் சொல்கிறவனுக்கு அந்த உண்மையோடு என்ன உறவு என்பது. போட்டிக்காரன் சொன்னால் அது வியாபாரம். சரக்கு எதுவும் இல்லாத நான் சொன்னது, எனக்குக் காலணா செலவில்லாத உண்மை. சொன்ன மறுநிமிடம் நான் லெட்ஜரைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்விளைவுகளோடு மூங்கிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். அந்த உண்மைக்கு ஒரு விலை இருந்து, அதைக் கொடுத்துச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான்: யாருடைய போர்டோ அவன்.

இதை எழுதும்போது என் கண்முன் நிற்பது அந்த மைதானத்தைவிட என் கவுண்ட்டர்தான். பொருட்காட்சிக்கு இரண்டு மாதம் முன்பு, ஓய்வு பெற்ற ஒரு தாத்தா வைப்புநிதியில் பணம் போட வந்தார். பக்கத்துக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த என் சகா, மாத இலக்கின் நெருக்கடியில், அவரிடம் ஒரு காப்பீட்டுப் பாலிசியில் கையெழுத்து வாங்கினார். ஆண்டாண்டுக்குக் கட்ட வேண்டிய பாலிசி. 'இதுவும் டெபாசிட் மாதிரிதான்' என்ற வாசகம் என் காதில் விழுந்தது. நான் ரூபாய் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதை நிறுத்தவில்லை. என் சகா நல்லவர். என் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். அதாவது என் துணி மேல் தார்ப்பாய் இழுத்துப் போட்டவர். அங்கே நான் அந்தப் பெரியவரைப் போல் 'அது வேற, இது வேற' என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட உண்மையின் கடனை, இரண்டு மாதம் கழித்து, என்னை ஒன்றும் செய்ய முடியாத ஓர் ஈரோட்டு இளைஞனிடம் தீர்த்துக்கொண்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சில நூறு பேரும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் கடை விரித்திருப்பவர்கள்தான். பக்கத்துக் கடையின் கவிதை ஸ்கிரீன் அச்சு என்று தெரிந்தும் முன்னுரை எழுதிக் கொடுத்திருக்கிறோம். அல்லது தூரத்து மைதானத்தில் யாரென்று தெரியாத ஒருவனின் முதல் தொகுதியைக் கிழித்துப் போட்டுவிட்டு, விமர்சனத்தின் தார்மீகம் என்று பேசியிருக்கிறோம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். விமர்சகன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சியில்லை; அவன் மூடிக்கொண்டால் அந்த ஆசிரியையைப் போலத்தான் வாசகனும் போய்க்கொண்டிருப்பான். நான் கேட்பது, தன் கடை போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவன் முதலில் எழுந்து வெளியே வந்து படித்துப் பார்த்தானா என்பது.

பொருட்காட்சியின் கடைசி நாள். போர்டு மாறவில்லை. நடுப்பகலில் ஒரு பெண் இளைஞனின் துணியை எடுத்துப் பார்த்து, "இது கையில வரைஞ்சதா?" என்று கேட்டாள். அவன் ஒரு கணம் என் மேஜையைப் பார்த்தான். "இல்லைங்க, அச்சு. வரைஞ்சது வேணும்னா பக்கத்துல பாருங்க" என்றான். அவள் அச்சையே வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கு அது போதுமாயிருந்தது. அவன் கடமையாகச் சொன்னானா, நான் உட்கார்ந்திருந்ததால் சொன்னானா என்பதைக் காண்ட் வந்தாலும் சொல்ல முடியாது. பெரியவர் ஒரு துணியை மடித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

திங்கட்கிழமை கவுண்ட்டருக்குத் திரும்பினேன். அந்தத் தாத்தா இப்போதும் மாதத்தின் முதல் வாரத்தில் பென்ஷன் எடுக்க வருகிறார். என் எதிரில்தான் நிற்கிறார். பாஸ்புத்தகத்தில் பதிவு போட்டுக் கொடுக்கிறேன். பாலிசி பற்றி அவர் கேட்கவில்லை. நான் இன்னும் சொல்லவில்லை.