துடைப்பத்திற்கும் ஓர் இடம்

பெங்களூர் பசவனகுடியிலுள்ள ஸ்ரீராமகிருஷ்ண ஆசிரமத்தின் பின்புறம் ஒரு சிறு பாறைக்குன்று உண்டு. 1911-ஆம் ஆண்டு தென்னக யாத்திரையின்போது அன்னை ஸ்ரீசாரதாதேவியார் சில நாட்கள் இந்த ஆசிரமத்தில் தங்கினார்; ஒரு மாலை வேளையில் அப்பாறைமீது அமர்ந்து தியானத்தில் ஆழ்ந்தார். இன்றும் பக்தர்கள் அங்கு சென்று வணங்குகின்றனர்.

அவ்வாறு வணங்கிவிட்டு வந்த ஒரு தாயார் கேட்டார்: "சுவாமி, என் மகனுக்கு ஒன்பது வயது. அவன் அறைக்குள் நுழைந்தாலே எனக்குக் கோபம் வருகிறது. தரையில் சாக்ஸ், கட்டிலடியில் புத்தகம், பையில் நேற்றைய டிபன் பாக்ஸ்! கத்துகிறேன், பிறகு நானே எடுத்து வைக்கிறேன். அவன் தூங்கிய பின், இன்று பிள்ளையிடம் அன்பாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று அழுகிறேன்."

தட்சிணேசுவரத்தில் அன்னை வாழ்ந்த நகபத்தின் கீழறை எண்கோண வடிவமானது. பரப்பு சுமார் 50 சதுர அடிதான். உறக்கம், ஜபம், சமையல் சாமான்கள், சில நாட்களில் வந்து தங்கும் பெண் பக்தைகள் என அனைத்திற்கும் அந்த இடமே. அங்கு வாழ்ந்த அன்னைக்குக் குருதேவர் பிரம்ம ஞானத்தை மட்டும் போதிக்கவில்லை. அடிக்கடி வேண்டிய பொருளைக் கைக்கெட்டும் தூரத்திலும் மற்றவற்றைத் தள்ளியும் வைக்க வேண்டும், எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்தால் இருட்டிலும் தவறாமல் கிடைக்கும் என்றும் கற்பித்தார். இவ்வாறு கூறியவர் யார்? பரவச நிலையில் இடுப்பு ஆடை நழுவுவதையும் அறியாதவர்! அவரோ வெளியே சென்றால் தம் துண்டை ஒருபோதும் மறந்து வந்ததில்லை. கொஞ்சம் ஜபம் செய்துவிட்டுத் துண்டை மறந்து வந்த ஓர் அன்பரை அதற்காகவே கண்டித்தார்.

அன்னையும் அப்படியே. ஒருமுறை முற்றத்தைப் பெருக்கிய பெண் ஒருத்தி துடைப்பத்தை மூலையில் வீசி எறிந்தாள். எறிவதற்கு ஆகும் நேரம்தானே மெதுவாக வைப்பதற்கும் ஆகும், அதுவும் இவ்வீட்டைச் சேர்ந்ததல்லவா, அதற்குரிய மரியாதையை அதற்குத் தர வேண்டாமா என்பது அன்னையின் கேள்வி. விருந்தினர் வந்தால் என்ன நினைப்பார்கள் என்று அவர் கூறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த மரியாதை நம் குழந்தைகளுக்குப் புதிதன்று. புத்தகத்தின்மீது கால் பட்டுவிட்டால் அதைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்கிறான். ஆயுத பூஜையன்று தன் சைக்கிளுக்குச் சந்தனப் பொட்டு இடுகிறான். அந்த உணர்வு மறுநாள் எங்கே போகிறது என்பதே கேள்வி.

கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் ஞானத்தின் அங்கங்களுள் சௌசத்தையும் சேர்க்கிறார். மண்ணாலும் நீராலும் உடல் அழுக்கை நீக்குவதுடன் ஆசை முதலிய மன அழுக்கை நீக்குவதும் சௌசமே என்பது சங்கரரின் உரை. கோபத்தோடு அறையைத் துப்புரவு செய்தால் முதலாவது கிடைக்கிறது, இரண்டாவது போய்விடுகிறது. பிள்ளை கற்பதும் அந்தக் கோபத்தைத்தான்.

1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் வகுப்பறைகளில், அலமாரிகள் குழந்தையின் உயரத்திற்கே இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. எடுத்த குழந்தையே திரும்ப வைக்கும். நம் வீடுகளிலோ சட்டை மாட்டும் கொக்கி அப்பாவின் உயரத்தில் இருக்கிறது. 'ஏன் மாட்டவில்லை?' என்று பிள்ளையைக் கேட்கிறோம்!

நான் பிரம்மச்சாரியாக இருந்தபோது, வாசலில் செருப்பைத் தாறுமாறாக விட்டுச் செல்வது வழக்கம். ஒருநாள் மூத்த சுவாமி ஒருவர், வயது முதிர்ந்த நிலையிலும் குனிந்து, அதை நேராக வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சென்றார். ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டேன். இன்றுவரை செருப்பைக் கழற்றும்போது அவர் நினைவு வருகிறது.

அந்தத் தாயாரிடம் கூறியது இதுதான்: "கொக்கியைத் தாழ்த்துங்கள். பொருட்களைக் குறையுங்கள். மாலை விளக்கேற்றிய பின் பத்து நிமிடம் அவனுடன் தரையில் அமர்ந்து, உங்கள் பொருளை நீங்கள் வையுங்கள், அவனுடையதை அவன் வைக்கட்டும். அவன் தூங்கிய பின் நீங்கள் எடுத்து வைக்க வேண்டாம்."

சில மாதங்கள் கழித்து அவர் மகனுடன் வந்தார். இப்போது அந்தப் பத்து நிமிடத்தில்தான் பள்ளிக் கதையெல்லாம் சொல்கிறானாம். சாக்ஸ் மட்டும் இன்னும் தரையில்தான் கிடக்கிறதாம்.