கையெழுத்து போட்டால் முடிந்துவிடுமா?

சண்டை வேண்டாம்னா யாராவது விட்டுக்கொடுக்கணும் என்பார்கள் பெரியவர்கள். சரி, யார் விட்டுக்கொடுப்பது என்பதை யார் முடிவு செய்வது?

சுபாங் ஜெயா சீபீல்டு மாரியம்மன் ஆலய விவகாரத்தில் 2014-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் இணக்கத் தீர்ப்பு பதிவானது. நில மேம்பாட்டாளர், மாநில அரசு, நிர்வாக உரிமை கோரிய இரு தரப்பினர் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆலயம் இடம் மாற வேண்டும். காகிதத்தில் பிரச்சினை முடிந்தது. பக்தர்கள் பலர் ஏற்கவில்லை. 2018 நவம்பரில் கலவரம் வெடித்தது. பணிக்கு வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் படுகாயமடைந்து டிசம்பரில் இறந்தார்.

அந்த உயிருக்கு யாரிடமும் சமாதானம் இல்லை. வன்முறைக்கு எந்தச் சாக்கும் கிடையாது; நீதிமன்றத் தீர்ப்பை மதிக்கத்தான் வேண்டும். ஆனாலும், அங்கே தினமும் விளக்கேற்றுகிறவர் மனசுக்குப் போய்ச் சேராத உடன்பாடு பாதி உடன்பாடுதான்.

இது நம் ஆலயக் கூட்டங்களுக்கும் பொருந்தும். ‘பெரியவங்க பேசிட்டாங்க, முடிஞ்சுபோச்சு’ என்றால் மரியாதையோடு எழுந்து கேட்போம்: “யாரையெல்லாம் கேட்டீங்க, ஐயா?” எல்லாரையும் கேட்ட பிறகு வரும் முடிவு நமக்குப் பிடிக்காவிட்டாலும் கட்டுப்படுவோம். முதலாவது நம் உரிமை, இரண்டாவது நம் கடமை. இரண்டும் சேர்ந்தால்தான் ஜனநாயகம்.