பாய்மரத்தின் அடி

சிறு பாய்ப்படகில் பாய்மரத்தின் அடியை எந்த இடத்தில் ஊன்றுவது என்பதை வெறும் தச்சு நுட்பமாகவே பேசுகிறார்கள். எனக்கு அது அறம் பற்றிய பிரச்னையாகவும் படுகிறது. இடத்தைத் தீர்மானிக்கிறவன் ஓடாவி, கரையில், நிழலில். அந்தத் தீர்மானத்தை நாளெல்லாம் கையில் தாங்குகிறவன் சுக்கான் பிடிக்கிறவன்.

பாயின்மேல் காற்று செலுத்தும் விசைக்கு ஒரு மையம் உண்டு. படகு பக்கவாட்டில் நழுவாதபடி நீருக்கடியில் எழும் எதிர்ப்புக்கும் ஒன்று உண்டு. மரத்தின் அடி அளவுக்கு மீறிப் பின்னால் போனால் முகப்பு ஓயாமல் காற்றை நோக்கித் திரும்பும்; முன்னால் போனால் காற்றை விட்டு விலகி ஓடும். ஓரிரு அங்குலமே கையில் தெரியும். ஆனால் பழி அங்குலத்தின்மேல் விழுவதில்லை. காற்று சரியில்லை என்பார்கள், அல்லது ஆளுக்குக் கை போதாது என்பார்கள். குழிக்குள் மறைந்த தீர்மானம் நாளடைவில் இயற்கை ஆகிவிடுகிறது. லண்டனில் 1962இல் கண்டெடுத்த ரோமானியக் கப்பலில், பாய்மரம் ஊன்றிய குழிக்குள் டொமிஷியன் காலத்துக் காசு ஒன்று இருந்தது. அதிர்ஷ்ட தேவதை பொறித்த பக்கம் மேலாக. அந்தத் தச்சனுக்காவது கொஞ்சம் உறுத்தியிருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறேன்.

இரு மையங்களையும் பிசகின்றிச் சமன்செய்வதே நியாயம் என்று தோன்றலாம். அனுபவஸ்தர்கள் அப்படிச் செய்வதில்லை. காற்றை நோக்கி லேசாகத் திரும்பும் சுபாவத்தைப் படகில் வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். சுக்கானிலிருந்து கை நழுவினால் படகு காற்றுக்கு முகம் கொடுத்து, பாய் படபடக்க, வேகம் இழந்து நிற்கும். ஆகவே கையில் உணரும் பாரம் முழுவதும் குறையாகாது. அதில் எவ்வளவு காப்பு, எவ்வளவு தச்சனின் அலட்சியம் என்று சொல்லக்கூடியவன் பிடிக்கிறவன்தான். அவனை யாரும் கேட்பதில்லை.

1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்துபோன கப்பல்களில் இந்தத் தூரம் மிகப் பெரிது. அதே கரையின் கட்டுமரத்துக்குத் தர்க்கம் வேறு. கயிற்றால் பிணைத்த மரங்கள். கரையேறியதும் அவிழ்த்து உலர்த்தி, மறுபடி கட்டுவார்கள். கட்டுகிறவனே ஓட்டுகிறவன். நேற்றைய கடல் கையில் சொன்னதை இன்றைய கட்டில் சேர்க்கலாம். (அந்தப் பெயர் மேற்கே போய் இரட்டை உடல் உல்லாசப் படகில் ஒட்டிக்கொண்டது தனிக் கூத்து.) இதைப் பழம்பெருமையாக்க எனக்கு விருப்பமில்லை, கட்டுமரத்தில் போகிறவன் அலையில் நனைந்துகொண்டேதான் போகிறான். 2004 சுனாமிக்குப் பிறகு பெருகிய ஃபைபர் படகுகள் அச்சிலேயே வடிவம் முடிந்து வருகின்றன. ஓட்டுகிறவன் கை உணர்ந்தது அந்தப் பட்டறைக்குப் போய்ச் சேர நாள் பிடிக்கும்.