செவிப்புலனும் படைக்கடமையும்

காது கேளாத ஒருவர் போர்ப்படையில் பணியாற்றலாமா என்பது, மேலோட்டமாக நோக்குவார்க்கு ஒரு வினாவாகவே தோன்றாது. கட்டளையைக் கேட்டு நடப்பவனே வீரன். கேட்க இயலாதவனுக்கு அங்கே என்ன வேலை என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவர். கல்விக்கே 'கேள்வி' என்று பெயரிட்ட மொழி நம்முடையது. கேளாதவனைக் கல்லாதவனாகவும், கல்லாதவனை எதற்கும் ஆகாதவனாகவும் எண்ணிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியதில் வியப்பில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். ஊதியவன் அச்செய்தியை வேறு வழியில் உணர்த்த முயன்றானா என்று எவரும் வினவுவதில்லை.

இவ்விடயத்தில் இரு வேறு வினாக்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. படையில் சேருமாறு அவரைக் கட்டாயப்படுத்தலாமா என்பது ஒன்று. தாமே விரும்பி வரும் அவரைத் தடுக்கலாமா என்பது மற்றொன்று. பிக்ஹு நூலார் 'ருக்ஸத்' என்னும் சலுகையையும் 'அஜீமத்' என்னும் மூலக் கடமையையும் பிரித்துப் பேசுவது ஈண்டு நமக்குப் பெரிதும் பயன்படும். திருமறையின் 48-ஆம் அத்தியாயம், பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகிய மூவரும் போருக்குச் செல்லாதிருப்பதில் குற்றமில்லை என்று அறிவிக்கிறது. செவிப்புலன் இழந்தவர் அங்குப் பெயர் சுட்டிக் கூறப்படவில்லை. அது நிற்க. அவ்வசனம் நீக்குவது குற்றத்தைத்தான். வாயிலை அது அடைக்கவில்லை.

அடைக்கவில்லை என்பதற்கு ஸஹாபாக்களின் வரலாறே சான்று. அம்ரு இப்னு ஜமூஹ் (ரலி) கால் ஊனமுற்றவர். உஹது போருக்குப் புறப்பட்ட அவரை அவருடைய புதல்வர்களே தடுத்தனர். அவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். உமக்கு இது கடமையன்று என்று அவருக்கு விளக்கிய நாயகம் (ஸல்), அவரைத் தடுக்க வேண்டாமெனப் புதல்வர்களிடம் கூறினார்கள். அக்களத்திலேயே அவர் ஷஹீதானார். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பிற்காலத்தில் காதிஸிய்யாவில் கொடி தாங்கி நின்றதாக அறிவிப்புகள் உள்ளன. கொடி தாங்குபவனுக்கு வேண்டியது பெயராத கால், கண் அன்று. அவரவர் குறைக்கு இடையூறில்லாத பணி அவரவர்க்குக் கிட்டியது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

ஆயினும், இவ்விரு சான்றுகளை மட்டும் கொண்டு முடிவு கட்டுவது அவசரமாகும். அம்ரு (ரலி) அவர்கள் பணயம் வைத்தது தம் உயிரை. இன்றைய படையிலோ ஒருவரது குறை மற்றவர் உயிரையும் தொடும். இருளில் காவல் நிற்பவனுக்குச் சருகு மிதிபடும் ஓசையே எச்சரிக்கை. 'நில்' என்னும் குரலுக்கு நிற்காதவனைத் தன் தோழனே சுட்டுவிடக்கூடும். தன் உயிரைத் துறக்க ஒருவனுக்கு உரிமை உண்டென்றே வைத்துக்கொண்டாலும், தோழனின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை எவனுக்கும் இல்லை. இத்தடை மெய்யானது. உணர்ச்சி வயப்பட்டு இதைத் தள்ளிவிடலாகாது.

ஆனால் இத்தடை எத்தனை பணிகளைத் தழுவுகிறது? 1836-இல் மெக்சிகோவை எதிர்த்துத் தெக்சாஸ் நடத்திய போரில் எராஸ்டஸ் ஸ்மித் என்பவர் தலைசிறந்த ஒற்றராக விளங்கினார். இளமையில் நோயால் செவித்திறன் குன்றியவர். ஆதலின் 'செவிட்டு ஸ்மித்' என்றே அழைக்கப்பட்டார். சான் ஹசிண்டோ போரன்று பகைவருக்கு உதவி வரக்கூடிய பாலத்தை அழித்தவர் அவரே. அங்கு ஒரு மாவட்டம் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. (அப்போர் நியாயமானதா என்பது வேறு வினா, அதற்கு என் விடையும் வேறு.)

அதே அமெரிக்காவில் கீத் நோலன் என்னும் காது கேளாத ஆசிரியர், கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படை அதிகாரிகளுக்கான பயிற்சி வகுப்பில் அமர அனுமதி பெற்றார். சைகை மொழிபெயர்ப்பாளர் துணையுடன் கற்றுச் சிறந்து விளங்கினார். எனினும் மருத்துவ விதி குறுக்கே நின்றது. மேல்நிலைக்குச் செல்ல இயலாது விலக நேர்ந்தது. 2011-இல் தம் கதையை அவர் மேடையில் எடுத்துரைத்தார். காது கேளாதோரை விமானப்படையில் சோதனை முறையில் சேர்த்துப் பார்க்க 2013-இல் அவர் பெயராலேயே ஒரு மசோதா கொணரப்பட்டது, அது சட்டமாகவில்லை.

படைத் தரப்பினரின் வாதங்களில் வலுவானது ஒன்றுண்டு. வீரன் எவனாயினும், எக்கணமும் எக்களத்துக்கும் அனுப்பத்தக்கவனாக இருக்க வேண்டும். இன்று கணக்கெழுதுபவன் நாளை துப்பாக்கி ஏந்த நேரலாம் என்பர். ஒப்புக்கொள்ளத்தக்க நெறிதான், அதனை அனைவர்க்கும் ஒப்பக் கடைப்பிடித்தால். பீரங்கியின் முழக்கமே செவியைக் கெடுப்பது. அந்நாட்டின் முன்னாள் படைவீரர்க்கு ஏற்படும் உடற்குறைகளில் காதிரைச்சலும் செவித்திறன் இழப்புமே முன்வரிசையில் நிற்கின்றன. பணியிலிருக்கும்போது செவி குன்றியோர் பலர் வேறு பணிக்கு மாற்றப்பட்டுப் படையிலேயே நீடிக்கின்றனர். காயமுற்றவனுக்குப் படை கடன்பட்டுள்ளது, புதிதாக வருபவனுக்கு அன்று என விடையிறுக்கலாம். கடன் உண்மை. ஆனால் அக்கடனைத் தீர்ப்பதற்கென்றே கேளாதவர் செய்யத்தக்க பணிகள் படையினுள் இருப்பதாக அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டனர் அல்லவா? வான்படங்களை ஆராய்தல், வரைபடம் தீட்டுதல், சங்கேத மொழி அவிழ்த்தல், பொறி பழுது நீக்கல் ஆகியன செவியால் செய்யப்படும் தொழில்கள் அல்ல. ஆதலின் காவல் நிற்றல் போன்றவற்றில் தடை நிற்கட்டும்; அத்தடையைக் காட்டி முழு வாயிலையும் பூட்டுவது அநீதி என்பதே என் துணிபு.

படைத்துறையே கேளாதவரை நாடிச் சென்ற காலமும் உண்டு. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் விமான மருத்துவப் பள்ளி, விண்வெளிப் பயண ஆய்வுகளுக்காக வாஷிங்டனின் காலடெட் கல்லூரியிலிருந்து காது கேளாத பதினொருவரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுள் பதின்மர் மூளையுறை அழற்சியால் செவியிழந்தோர். அந்நோய் உட்செவியின் சமநிலை உறுப்பையும் கெடுத்திருந்தமையால் அவர்களைக் குமட்டல் அணுகாது. நோவா ஸ்கோஷியாவின் கொந்தளிக்கும் கடலில் கப்பலேற்றிச் சோதித்தபோது அவர்கள் அமர்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தனர். ஆய்வு செய்ய வந்த செவியுடையோர் வாந்தியால் துவண்டு வீழ்ந்தமையால் அன்றைய சோதனையே கைவிடப்பட்டது.