உயரக் கட்டுவோர் யாருக்குக் கடன்பட்டவர்?

சென்னை மவுண்ட் ரோட்டில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனின் பதினான்கு மாடிக் கட்டடம் 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் உயரம் 177 அடி. அந்நாளில் இந்தியாவிலேயே மிக உயர்ந்த கட்டடம் என்று அது பெயர் பெற்றிருந்தது. பட்டணம் பார்க்க வந்த உறவினர்களுக்கு உயிர்க் காலேஜையும் செத்த காலேஜையும் காட்டிய பின், இந்தக் கட்டடத்தின் முன் நிறுத்தி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வைப்பது வழக்கமாயிற்று. இன்று அதே நகரில் நாற்பது மாடி வீடுகள் எழுந்துவிட்டன. இப்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அடுத்த தெருவில் பள்ளம் தோண்டும் இயந்திரத்தின் ஓசை கேட்டால், “இங்கும் வருகிறதா?” என்று மட்டும் கேட்கிறோம்.

நெடுமாடிக் கட்டடம் நகருக்கு நன்மையா, தீமையா? இதைப் பற்றி இருவகைப் பேச்சு கேட்கிறோம். ஒரு சாரார் இதுவே முன்னேற்றம் என்கிறார்கள். மற்றொரு சாரார் இது மனிதனின் அகந்தை, நகரைப் பாழாக்குவது என்கிறார்கள். இரண்டும் அவசரத் தீர்ப்பு. கல்லுக்கும் கம்பிக்கும் மனச்சாட்சி கிடையாது. மனச்சாட்சி உள்ளவர்கள் அதைக் கட்டுகிறவர்களும், வாங்குகிறவர்களும், அனுமதி கொடுக்கிறவர்களுமே. ஆகவே, உயரம் நல்லதா என்பதைக் காட்டிலும், அந்த உயரத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே சரியான கேள்வி.

முதலில் உயரத்தின் பக்கமுள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நகரத்தின் நிலம் வளர்வதில்லை, குடும்பங்களோ வளர்கின்றன. நூறு குடும்பங்கள் ஆளுக்கு அரைக் கிரவுண்டில் வீடு கட்டினால் ஐம்பது கிரவுண்டு வேண்டும். தெருவுக்கும் சாக்கடைக்கும் வேறு இடம் வேண்டும். அவர்களே ஒரே கட்டடத்தில் அடுக்கடுக்காக வாழ்ந்தால் அதில் சிறு பங்கு போதும். மேலே போகாத நகரம் பக்கவாட்டில் பரவும். பரவும்போது முதலில் விழுங்குவது ஏரியையும் வயலையுமே. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எண்ணிப் பாருங்கள். அதன் பெரும் பகுதி வீடும் சாலையும் குப்பைமேடுமாகிவிட்டது. எஞ்சிய பகுதிதான் 2022-ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. அதை அழித்ததில் பெரிய கட்டடங்களுக்கு மட்டுமல்ல, ஒற்றை மாடி, இரட்டை மாடி வீடுகளுக்கும் பங்கு உண்டு. சிங்கப்பூரில் 1960-ஆம் ஆண்டில் வீட்டு வசதி வாரியம் ஏற்பட்டது. இன்று அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு அருகில் அவ்வாரியம் கட்டிய மாடிகளில் வாழ்கிறார்கள். சாதாரணத் தொழிலாளிக்கும் அங்கே உயரம் கூரை கொடுத்திருக்கிறது. ஆகையால் உயரக் கட்டுவதே குற்றம் என்று சொல்ல முடியாது.

நிற்க. “நிலம் என்னுடையது, பணம் என்னுடையது; எவ்வளவு உயரம் கட்டினால் பிறருக்கு என்ன?” என்று ஒருவர் கேட்கலாம். இந்த ஆட்சேபம் பார்வைக்கு வலுவுள்ளது. உரசிப் பார்த்தால் நிற்காது.

தன் நிலத்தில் தான் நினைத்ததையெல்லாம் செய்யும் உரிமை எவருக்கும் ஒருபோதும் இருந்ததில்லை. நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்ட வசதியுரிமைச் சட்டம், ஒரு வீட்டுக்கு இருபது ஆண்டுகள் தடையின்றி வந்துகொண்டிருந்த வெளிச்சத்தையும் காற்றையும் அந்த வீட்டின் உரிமையாகவே ஏற்கிறது. அதைக் கணிசமாக மறைத்தால் அண்டை வீட்டான் நியாயம் கேட்கலாம். நியூயார்க் நகரில் 1915-ஆம் ஆண்டில் ஈக்விடபிள் கட்டடம் எழும்பியபோது, அதன் நிழல் ஏழு ஏக்கருக்குப் பரவியது. சுற்றிலும் இருந்தவர்கள் பகலிலும் விளக்கேற்ற வேண்டியதாயிற்று. மறு ஆண்டே, உயரே போகப் போகக் கட்டடம் தெருவை விட்டுப் பின்வாங்க வேண்டும் என்று அந்நகரம் சட்டம் செய்தது. பணத்தின் நகரம் என்று பெயர் பெற்ற அவ்வூரே, தெருவில் விழும் வெளிச்சம் எல்லாருக்கும் பொது என்பதை ஒப்புக்கொண்டது.

மேலும், நகர நடுவில் ஒரு கிரவுண்டு அவ்வளவு விலை போவது எதனாலே? உடையவரின் வியர்வையால் அன்று. சுற்றிலும் சாலையும், பள்ளிக்கூடமும், ஆஸ்பத்திரியும், ரயிலும் அமைந்ததாலே. அவற்றை அமைத்தது ஊராரின் வரிப்பணம். இன்னொன்றும் உண்டு. 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டடத்துக்கு நிலப்பரப்பைப் போல் 2 மடங்கு தளப்பரப்பு அனுமதி. நெடுமாடிக்கு, சாலையின் அகலம் முதலிய நிபந்தனைகளோடு, 3.25 மடங்கு. அதாவது 2,400 சதுர அடியுள்ள ஒரு கிரவுண்டுக்கு 4,800 சதுர அடி என்பது 7,800 ஆகிறது. அந்த மிகுதியான 3,000 சதுர அடியை எந்த உடைமையாளரும் விதைத்து அறுக்கவில்லை. அது பொதுமக்களின் பெயரால் கொடுக்கப்பட்ட சலுகை. சலுகை பெற்றவர் கடன்பட்டவர். யாருக்குக் கடன்? நால்வருக்கு என்பது நம் எண்ணம்.

முதற்கடன், அந்த இடத்தைச் சுற்றி முன்பே வாழ்ந்தவருக்கு. சென்னையில் குடிசை மாற்று வாரியம் 1970-ஆம் ஆண்டில் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே சிறு மாடி வீடு கட்டிக் கொடுப்பது பெருவழக்காயிருந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தென்கோடிக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அனுப்பப்பட்டன. நெடுமாடி கட்டுவதற்காகவே அவர்கள் பெயர்க்கப்பட்டார்கள் என்று சொல்வது உண்மையாகாது. கூவம் கரையில் வெள்ள அபாயம் இருந்தது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அதைக் கண்ணால் கண்டோம். ஆனால் இவர்களுக்கு ஏன் நகரத்துக்குள்ளேயே இடமில்லை? நிலத்தின் விலை ஏழையின் தலைக்கு மேல் ஏறிவிட்டது என்பதே பதில். மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைத்த ஒரு தாய் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போனால், வீடு கிடைக்கிறது, பிழைப்பு போகிறது. விடியுமுன் பஸ் ஏற வேண்டும். பிள்ளை பள்ளிக்குப் போனதா என்று பார்க்க ஆளில்லை. பெரும்பாக்கத்தில் அவள் பெறுவதும் எட்டு அடுக்குக் கட்டடத்தில் ஒரு வீடுதான். செல்வருடைய மாடியில் லிப்ட் நின்றால் ஒரு மணியில் ஆள் வருவான். இவள் குடத்தோடு படியேற வேண்டும். இரண்டும் உயர்ந்த கட்டடங்களே. உயரம் ஒருவருக்குச் சுகம், மற்றவருக்குச் சுமை.

இரண்டாங்கடன், கட்டிய கைகளுக்கு. 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் மாண்டார்கள். அவர்களிற் பலர் ஆந்திரத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள். பக்கத்தில் நின்ற அதன் இணைக் கட்டடத்தை 2016-ஆம் ஆண்டு நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. மாண்டவரின் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டவர் எத்தனை பேர்? நாம் ஒரு பிளாட்டைப் பார்க்கப் போகும்போது சமையலறை மேடையின் கல்லைத் தட்டிப் பார்க்கிறோம். கொத்தனாரும் சித்தாளும் அந்தத் தகரக் கொட்டகையில் எப்படித் தூங்குகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை.

மூன்றாங்கடன், அண்டை அயலாருக்கு. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நகரங்களுக்கு அரசாங்கம் வகுத்த அளவு. நூறு பிளாட், வீட்டுக்கு நாலு பேர் என்றால், நாளைக்கு 54,000 லிட்டர். குழாயில் வராவிட்டால் 9,000 லிட்டர் லாரி ஆறு வரவேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டுபோனபோது அந்த லாரிகள் எங்கிருந்து நிரப்பிக்கொண்டு வந்தன? புறநகர்க் கிராமத்துக் கிணறுகளிலிருந்து. உழவனின் நிலத்தடி நீர் பத்தாவது மாடியின் குழாயில் கொட்டியது. பெரிய கட்டடத்தின் ஆழ்குழாய் இறங்க இறங்க, அடுத்த ஓட்டு வீட்டின் கிணறு வற்றுகிறது. ஓட்டு வீட்டார் வழக்காட மாட்டார்கள். காலிக் குடத்தோடு தெருவில் நிற்பார்கள். மழைநீரைச் சேமிக்கும் அமைப்பு ஒவ்வொரு கட்டடத்திலும் வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. அதைப் பெயருக்கு அமைத்து, தூர் வாராமல் விட்டுவிடுவது நீதிக்கு விரோதம். பிறர் கிணற்றைத் திருடுவதற்கு ஒப்பு.

நான்காவது கடன் சற்று நுட்பமானது. நம்மில் பலரையும் நேரே தொடுவது. அது கூடவே குடியிருப்பவருக்கு உரிய கடன்.

இன்று நகர நடுவில் எழும் நெடுமாடிகளிற் பல, பழைய மூன்று நான்கு மாடிக் கட்டடங்களை இடித்துக் கட்டப்படுபவை. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வீடுள்ள ஒரு பழைய கட்டடம். பதினொரு குடும்பங்கள் இடித்துக் கட்டச் சம்மதிக்கின்றன. கீழ்த்தளத்தில் ஒரு விதவைத் தாய், வயது எழுபத்தெட்டு, மாட்டேன் என்கிறார். 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரு பங்கினர் சம்மதம் போதும். பன்னிரண்டில் எட்டுப் பேர் போதுமானால், பதினொருவர் தாராளம். சட்டம் முடிந்தது. மனச்சாட்சியின் கணக்கும் அதோடு முடிந்ததா?

முடியவில்லை. எண்ணிக்கை என்பது முடிவெடுக்கும் வழி. ஒருவரை மிதிக்கும் அனுமதி அன்று. அந்தத் தாய் ஏன் மறுக்கிறார் என்று உட்கார்ந்து கேட்டவர் உண்டா? கேட்டால் இப்படிச் சொல்லக்கூடும்: “கட்டி முடிக்க மூன்று வருஷம் என்கிறீர்கள். அதுவரை நான் இருப்பேனா? வாடகை வீட்டில் என் மூச்சு போகவேண்டுமா? புது வீட்டில் மாதம் இத்தனை ஆயிரம் பராமரிப்பு என்றால் என் பென்ஷனில் எங்கே போவேன்?” இவை பிடிவாதமல்ல, நியாயமான பயங்கள். புதுக் கட்டடத்தால் அந்தப் பதினொருவருக்கும் லாபம் உண்டு. அந்த லாபத்திலிருந்தே அவருக்கு அருகிலேயே வாடகை வீடு பார்த்துக் கொடுக்கலாம். பராமரிப்புச் செலவை அவர் காலம்வரை குறைக்கலாம். கீழ்த்தளத்திலேயே வீடு என்று பத்திரத்தில் எழுதலாம். இவற்றைச் செய்யாமல் மின்சாரத்தையும் தண்ணீரையும் காட்டிப் பயமுறுத்தி வெளியேற்றுவது, எத்தனை கையெழுத்து இருந்தாலும் பாவமே.

அதே சமயம் அந்தத் தாய்க்கும் கடமை உண்டு. தூண் வெடித்து, கம்பி துருப்பிடித்து, குழந்தைகள் தலையில் காரை விழும் நிலையில் கட்டடம் இருக்குமானால், நியாயமான ஏற்பாடுகள் எல்லாம் செய்து கொடுத்த பின்னும் மறுப்பது அவருக்கும் தகாது. ஒருவருடைய நினைவுகள் எவ்வளவு அருமையானாலும், பதினொரு குடும்பத்தின் உயிரை அவற்றுக்கு ஈடு வைக்கலாகாது. உரிமை என்ற சொல்லை இரு தரப்பாரும் சற்றே கீழே வைத்துவிட்டு, கடமை என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் வழி பிறக்கும்.

கடைசியாக ஒரு சிறு விஷயம். சில மாடிக் குடியிருப்புகளில், வீட்டு வேலைக்கு வருகிற பெண் எல்லாரும் ஏறும் லிப்டில் ஏறக்கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். நம் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள அவள் கை வேண்டும். நாம் நிற்கும் நாலடிப் பெட்டியில் அவள் நிற்கக்கூடாது! விதியைச் செய்தது சங்கம் என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தச் சங்கம் நாம்தான். அடுத்த கூட்டத்தில் எழுந்து, “இந்தப் பலகையை எடுத்துவிடுவோம்” என்று சொல்ல ஒருவர் போதும்.

நம் குடும்பங்களில் எவரேனும் இவ்வாண்டு பிளாட் வாங்க எண்ணியிருந்தால், விலையும் அறைகளும் பார்த்தபின் இன்னும் நான்கு கேள்விகள் கேட்கட்டும். இங்கே முன்பு யார் இருந்தார்கள், எங்கே போனார்கள்? கட்டுகிறவர்களுக்குப் பாதுகாப்பு உண்டா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது? நம்மோடு யார் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை? விற்பவரிடம் எல்லாவற்றுக்கும் விடை இராது. ஆனாலும் வாங்குகிறவர்கள் பலர் கேட்கத் தொடங்கினால், கட்டுகிறவர்கள் விடை தேடத் தொடங்குவார்கள். வீட்டின் விலையைத் தவணையில் அடைத்துவிடலாம். மேலே சொன்ன கடன்களுக்கு வங்கியில் தவணை கிடையாது. அவற்றை அன்றாடம்தான் அடைக்க வேண்டும்.